ஃபிகர் ஸ்கேட்டிங் இணையர் பிரிவு: ஒருவர் எறிய, மற்றவர் தரையிறங்கும் ஆட்டம்

குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் அதிகம் பார்க்கப்படும் ஆட்டங்களுள் ஒன்று ஃபிகர் ஸ்கேட்டிங். ஆடவர் தனிநபர், மகளிர் தனிநபர், பனி நடனம், இணையர் என அதில் நான்கு பிரிவுகள் உள்ளன. இவற்றுள் இணையர் பிரிவே மிக ஆபத்தானது என்று கருதப்படுகிறது. ஆண் தன் இணையைத் தலைக்கு மேல் தூக்கியபடி பனித்தளத்தில் விரைகிறார், காற்றில் வீசுகிறார், சுழன்று விழுபவரைப் பிடித்து இறக்குகிறார். போட்டியின்போது இருவரில் எவருக்கும் தலைக்கவசம் இல்லை. இரண்டு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கூர்மையான பிளேடு பொருத்திய காலணிகளோடு இருக்கும் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு முழுவதும் மற்றொருவரின் கைகளில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவின் அழகும் ஆபத்தும், அதில் ஆட்கள் குறைவாக இருப்பதற்கான காரணமும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். தமிழ் நாளிதழ்கள் 'பனிச்சறுக்கு' என்னும் சொல்லை மலைச்சரிவில் உதிர்பனி மீது நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு இறங்கும் விளையாட்டுக்கும், உறைந்த பனிக்கட்டித் தளத்தில் பிளேடு காலணிகளுடன் ஆடும் விளையாட்டுக்கும் வேறுபாடின்றிப் பயன்படுத்தி வருகின்றன. இரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள். குழப்பத்தைத் தவிர்க்க, இங்கு ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே கையாளப்படுகிறது.

பனி நடனத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

தொலைக்காட்சியில் முதன்முறை பார்ப்பவர்கள் இணையர் பிரிவையும், 'ஐஸ் டான்ஸ்' எனப்படும் பனி நடனத்தையும் ஒன்றெனவே எண்ணுவர். இரண்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இசைக்கேற்ப ஆடுகின்றனர். ஆனால் பனி நடனம் பால்ரூம் நடனத்தின் வழிவந்தது. அதில் இணையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவோ, காற்றில் எறியவோ விதிகள் அனுமதிப்பதில்லை. இணையர் பிரிவிலோ அவையே மையமான கூறுகள். பனி நடனம் 1976-ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இணையர் பிரிவு அதற்கு 68 ஆண்டுகள் மூத்தது.

ஒவ்வொரு ஜோடியும் இரு முறை ஆட வேண்டும். முதலில் ஆடப்படும் குறுநிகழ்ச்சி 2 நிமிடம் 40 விநாடிகள் கொண்டது. கட்டாயக் கூறுகள் ஏழு. அடுத்து வரும் நெடுநிகழ்ச்சி 4 நிமிடங்கள். இரண்டிலும் 10 விநாடிகள் கூடலாம் அல்லது குறையலாம். இரு நிகழ்ச்சிகளின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளர் முடிவு செய்யப்படுகிறார். ஒலிம்பிக்கில் குறுநிகழ்ச்சியில் முதல் 16 இடங்களைப் பெறும் ஜோடிகளே நெடுநிகழ்ச்சிக்குத் தகுதி பெறுகின்றன.

தூக்கல், எறிதல், சுருள்

கூறுகளில் முதன்மையானது 'லிஃப்ட்' எனப்படும் தூக்கல். ஆண் சறுக்கியபடியே இணையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கையை முழுவதுமாக நீட்டிப் பிடிக்க வேண்டும். அந்நிலையிலேயே அவர் தளத்தின் குறுக்கே சுழன்று செல்கிறார். அச்சுழற்சி மூன்றரைச் சுற்றுகளைத் தாண்டக்கூடாது. அக்குளில் பிடிப்பது, இடுப்பில் பிடிப்பது, ஒரு கையால் கையையும் மற்றொன்றால் இடுப்பையும் தாங்குவது, கையோடு கை கோத்து உயர்த்துவது எனப் பிடிக்கும் முறையை வைத்துத் தூக்கல்கள் வகைப்படுத்தப்படுகின்றன. மேலே இருக்கும் பெண் வெறும் சுமையாக இருப்பதில்லை. உடலை இறுக்கமாக வைத்துத் தன் எடையின் மையத்தை ஆணின் தோளுக்கு நேர் மேலே அவரே நிறுத்த வேண்டும். அவர் ஒரு கணம் தளர்ந்தால் கீழே இருப்பவரின் மணிக்கட்டால் அதை ஈடுகட்ட முடியாது.

'ட்விஸ்ட்' என்பது அடுத்தது. ஆண் இணையை மேல்நோக்கி வீசுகிறார். அவர் காற்றில் உடலை ஏறத்தாழக் கிடைமட்டமாக வைத்து மூன்று சுற்றுகள் சுழல்கிறார். கீழே வரும்போது ஆண் அவரது இடுப்பைப் பற்றி, பனித்தளத்தில் ஒரு காலில் மென்மையாக இறக்குகிறார். நான்கு சுற்றுகள் செய்தவர்கள் மிகச் சிலரே.

'த்ரோ ஜம்ப்' எனப்படும் எறிதாவலில் பிடிப்பதற்கு எவரும் இல்லை. பெண் தாவும் கணத்தில் ஆண் தன் விசையையும் சேர்த்து அவரை முன்னோக்கி எறிகிறார். தனியாகத் தாவினால் கிடைக்காத உயரமும் தூரமும் அவருக்குக் கிடைக்கின்றன. அதே அளவுக்கு அதிகமான விசையுடன் அவர் ஒற்றைக் காலில், பின்னோக்கிச் சறுக்கும் நிலையில் தரையிறங்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் இந்த ஒரு கூறுக்காக மட்டும் ஒரு வீராங்கனை எத்தனை முறை விழுந்திருப்பார் என்பதைப் போட்டியைப் பார்ப்பவர் அறிய வாய்ப்பில்லை.

இவற்றுள் பெயராலேயே அச்சுறுத்துவது 'டெத் ஸ்பைரல்', அதாவது மரணச் சுருள். ஆண் தன் பிளேடின் முன்பற்களைப் பனியில் ஊன்றி அச்சாக நிற்க, பெண் அவரது ஒரு கையை மட்டும் பற்றியபடி தளத்தோடு தளமாகச் சாய்ந்து அவரைச் சுற்றி வட்டமிடுகிறார். தலை பனியைத் தொட்டும் தொடாமலும் செல்லும். 1920-களில் ஜெர்மனியைச் சேர்ந்த சார்லோட் ஓல்ஷ்லேகல், கூர்ட் நியூமான் இணை மேடைக் காட்சிகளில் இதன் முதல் வடிவத்தைச் செய்துகாட்டினர். பிற்காலத்தில் சோவியத் ஜோடியான லுட்மிலா பெலூசோவாவும் ஒலெக் புரோட்டோபோபோவும் பிளேடின் வெவ்வேறு விளிம்புகளில் சறுக்கி மேலும் மூன்று வடிவங்களை உருவாக்கினர். அவற்றுக்கு அவர்கள் சூட்டிய பெயர்கள்: பிரபஞ்சச் சுருள், வாழ்வுச் சுருள், காதல் சுருள். மரணம் என்ற சொல்லின் மீது அந்தத் தம்பதிக்கு உடன்பாடு இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

இவை தவிர, இருவரும் அருகருகே ஒரே நேரத்தில் தாவுவதும், ஒரே இடத்தில் நின்று சுழல்வதும் உண்டு. பார்வைக்கு இவை எளியவை போலத் தோன்றும். ஆனால் இங்கே நடுவர்கள் நெருக்கத்தையும் ஒருமித்த அசைவையும் எதிர்பார்க்கின்றனர். இருவருக்கும் இடையிலான தூரம் குறையக் குறைய ஆட்டத்தின் தரம் கூடுகிறது. பிளேடு உடலில் படும் வாய்ப்பும் கூடுகிறது.

ரீகா நகரில் நேர்ந்தது

அந்த வாய்ப்பு எவ்வளவு உண்மையானது என்பதற்கு 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் நிகழ்ந்த விபத்தே சான்று. லாட்வியாவுக்காக ஆடிவந்த 18 வயது யெலினா பெரெஷ்னயாவும் அவரது இணை ஒலெக் ஷ்லியாகோவும் அருகருகே நின்று சுழலும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஒரு காலைப் பின்புறம் கிடைமட்டமாக நீட்டிச் சுழலும் 'கேமல் ஸ்பின்' அது. ஷ்லியாகோவின் பிளேடு பெரெஷ்னயாவின் தலையில் பாய்ந்து மண்டையோட்டைத் துளைத்தது. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பேச்சு நின்றுபோனது. உடலின் ஒரு பகுதி செயலிழந்தது.

அவரை மீண்டும் பனித்தளத்துக்கு அழைத்து வந்தவர்கள் இருவர். ஒருவர் ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பயிற்சியாளர் தமாரா மொஸ்க்வினா; மற்றவர் அன்டன் சிகருலிட்ஸே. விபத்து நடந்து ஓராண்டு கழிந்த நிலையில், 1997 ஜனவரியில் பெரெஷ்னயா–சிகருலிட்ஸே ஜோடி ஐரோப்பியச் சாம்பியன் போட்டியில் வெண்கலம் வென்றது. 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் உலகச் சாம்பியன் பட்டம். பேசுவதையே புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த ஒருவர் மீண்டும் இன்னொருவர் கையில் தன் உடலை ஒப்படைத்தார் என்பதே இந்தப் பதக்கப் பட்டியலைவிட வியப்பானது.

விழுந்து எழுந்தவர்களின் வரிசையில் அவர் தனித்தவர் அல்லர். 2004 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த போட்டியில் தூக்கலின்போது மக்சிம் மாரினின் நிலைதடுமாற, தத்யானா தோத்மியானினா தலை பனியில் மோத விழுந்து நினைவிழந்தார். அடுத்த ஆண்டு உலகப் பட்டமும், 2006-இல் துரின் ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கே கிடைத்தன. கைகளில் இருந்தவரை நழுவவிட்ட மாரினினுக்கு மனத்தளவில் மீள்வதே கடினமாக இருந்ததாகக் கூறப்பட்டது. அதே துரின் போட்டியில் சீனாவின் ஜாங் டான், நான்கு சுற்று எறிதாவலில் கால்கள் விரிய விழுந்து முழங்காலில் காயமடைந்தார். சில நிமிட இடைவெளிக்குப் பின் ஜாங் ஹாவோவுடன் ஆட்டத்தைத் தொடர்ந்து முடித்து வெள்ளி வென்றார்.

லண்டன் முதல் வான்கூவர் வரை

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892-இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்டது. 1908-இல் இணையர் பிரிவு உலகச் சாம்பியன் போட்டியிலும், லண்டன் ஒலிம்பிக்கிலும் ஒருங்கே இடம்பெற்றது. அப்போது குளிர்கால ஒலிம்பிக் என்ற ஒன்றே இல்லை; கோடைக்கால ஒலிம்பிக்கிலேயே ஃபிகர் ஸ்கேட்டிங் நடத்தப்பட்டது. ஜெர்மனியின் அன்னா ஹியூப்ளர், ஹைன்ரிக் புர்கர் ஜோடி முதல் தங்கத்தைப் பெற்றது. கைகோத்து, அடிமேல் அடிவைத்து, ஒருமித்துச் சறுக்குவதே அக்காலத்து ஆட்டம்.

1964-இல் இன்ஸ்புரூக்கில் பெலூசோவா–புரோட்டோபோபோவ் தங்கம் வென்றதிலிருந்து ஒரு நீண்ட ஆதிக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 2006 வரை நடந்த 12 ஒலிம்பிக் போட்டிகளிலும் இணையர் தங்கம் சோவியத் ஒன்றியத்துக்கோ, அதன் வழிவந்த அணிகளுக்கோ சென்றது. பாலே நடனத்தின் சாயலை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த பெலூசோவா–புரோட்டோபோபோவ் தம்பதி 1968-இல் மீண்டும் வென்றனர். 1979-இல் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தனர்.

அவர்களுக்குப் பின் வந்த இரினா ரோட்னினாவின் ஆட்டம் வேறு வகை: வேகம், வலிமை, பிசகாமை. 1969 முதல் 1978 வரை தொடர்ந்து 10 உலகப் பட்டங்கள். 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். இதில் குறிப்பிடத்தக்கது, அவற்றை அவர் இருவேறு இணைகளுடன் வென்றார் என்பதே. முதல் இணையான அலெக்ஸி உலானோவ், போட்டி ஜோடியைச் சேர்ந்த லுட்மிலா ஸ்மிர்னோவாவை மணந்து அவருடன் ஆடச் சென்றுவிட்டார். நாடு முழுவதும் தேடிக் கண்டெடுக்கப்பட்ட அலெக்சாண்டர் ஸைட்சேவுடன் ரோட்னினா புதிதாகத் தொடங்கினார். 1973-இல் பிராட்டிஸ்லாவா உலகப் போட்டியின் நடுவே இசை திடீரென நின்றது. இருவரும் நிற்கவில்லை. பிளேடுகளின் ஒலியும் பார்வையாளர்களின் கைத்தட்டலுமே துணையாக முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துப் பட்டம் வென்றனர்.

1988, 1994 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்ற யெகாடெரினா கோர்டியேவா–செர்கெய் கிரின்கோவ் இணையைப் பலர் இன்றும் இப்பிரிவின் உச்சமாகக் கருதுகின்றனர். சிறுவயதில் பயிற்சியாளர்களால் சேர்த்துவைக்கப்பட்ட அவர்கள் பின்னர் மணந்துகொண்டனர். 1995 நவம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் பயிற்சியின்போது கிரின்கோவ் பனித்தளத்திலேயே மயங்கி விழுந்து மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 28.

ரஷிய வரிசையை உடைத்தது சீனா. 1980-இல் டோர்ட்மண்டில் நடந்த உலகப் போட்டிக்கு யாவ் பின், லுவான் போ என்னும் ஜோடி முதன்முறையாகச் சீனாவிலிருந்து வந்தது. வெளிநாட்டு வீரர்களின் புகைப்படங்களைப் பார்த்தே அவர்கள் கூறுகளைப் பழகியிருந்தனர் என்று கூறப்படுகிறது. அரங்கம் சிரித்தது, கடைசி இடமே கிடைத்தது. யாவ் பின் பயிற்சியாளரானார். 30 ஆண்டுகளுக்குப் பின், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அவரது மாணவர்களான ஷென் ஷூ–ஜாவ் ஹோங்போ தங்கமும், பாங் சிங்–டோங் ஜியான் வெள்ளியும் வென்றனர்.

ஒரு தங்கம் இரண்டான கதை

நடுவர் தீர்ப்பு குறித்த சர்ச்சை இல்லாமல் இப்பிரிவின் வரலாறு நிறைவு பெறாது. 2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மேற்கூறிய பெரெஷ்னயா–சிகருலிட்ஸே ஜோடியும், கனடாவின் ஜேமி சலே–டேவிட் பெல்டியே ஜோடியும் மோதின. நெடுநிகழ்ச்சியில் சிகருலிட்ஸே ஒரு தாவலில் தடுமாறினார். கனடிய ஜோடி பிழையின்றி ஆடியது. ஆயினும் ஒன்பது நடுவர்களில் ஐவர் ரஷிய ஜோடிக்கு முதலிடம் அளித்தனர். தாம் நிர்ப்பந்திக்கப்பட்டதாகப் பிரான்ஸ் நடுவர் மேரி-ரெய்ன் லெ கூஞ் முதலில் கூறியதும், பின்னர் அதை மறுத்ததும் பெரும் புயலைக் கிளப்பின. பனி நடனத்தில் பிரான்ஸ் ஜோடிக்கு ஆதரவு பெறுவதற்கான பண்டமாற்றே அந்த வாக்கு என்பதே குற்றச்சாட்டு. சில நாள்களில் கனடிய ஜோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டது. ரஷிய ஜோடியின் தங்கம் திரும்பப் பெறப்படவில்லை. லெ கூஞ்சுக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அதுவரை 6.0 என்பதே முழு மதிப்பெண். அந்த முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனிப் புள்ளி வழங்கும் முறை வந்தது. கூறு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அது எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து நடுவர்கள் -5 முதல் +5 வரை தரமிடுகின்றனர். மிக உயர்ந்த தரமும் மிகத் தாழ்ந்த தரமும் நீக்கப்பட்டுச் சராசரி காணப்படுகிறது. ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளியும், இருவரும் விழுந்தால் இரண்டு புள்ளிகளும் குறைக்கப்படும். ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளிகள் உள்ளன. புதிய முறை ஐயங்களை முற்றிலும் நீக்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் எந்த இடத்தில் எத்தனை புள்ளி போனது என்பதை எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

வெற்றி தோல்விக்கு இடையிலான இடைவெளி இப்போது நூறில் ஒரு பங்குப் புள்ளிகளில் அளக்கப்படுகிறது. 2018-இல் பியோங்சாங்கில் ஜெர்மனியின் அல்யோனா சாவ்சென்கோ–புருனோ மசோ ஜோடி 235.90 புள்ளிகளும், சீனாவின் சுய் வென்ஜிங்–ஹான் சோங் ஜோடி 235.47 புள்ளிகளும் பெற்றன. அந்த 0.43 புள்ளியைச் சுமந்துகொண்டு சீன ஜோடி நான்காண்டுகள் காத்திருந்தது. இடையே ஹான் சோங்குக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2022-இல் தங்கள் நாட்டுத் தலைநகரான பெய்ஜிங்கில் 239.88 புள்ளிகளுடன், 0.63 புள்ளி வித்தியாசத்தில் ரஷிய ஜோடியை வென்று தங்கம் பெற்றனர்.

இணை கிடைப்பதே அரிது

ஒலிம்பிக் இணையர் பிரிவில் 19 ஜோடிகளுக்கே இடம் உண்டு. தனிநபர் பிரிவுகளின் களம் இதைவிடப் பெரியது. பல நாடுகளில் இந்த விளையாட்டுக்கு வரும் சிறுமியரோடு ஒப்பிட்டால் சிறுவர்கள் குறைவு. அவர்களிலும் தூக்கவும் எறியவும் உடல்வலு கொண்டவர்கள் இன்னும் குறைவு. உயரம், எடை, தாவும் திசை, சுழலும் திசை, பயிற்சியாளர், குணம் எல்லாம் பொருந்த வேண்டும். எனவே இணையைத் தேடி நாடு விட்டு நாடு செல்வது இங்கு வழக்கமாகிவிட்டது. உலகப் போட்டியில் இருவரில் ஒருவர் வேற்று நாட்டவராக இருக்கலாம். ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும்.

சாவ்சென்கோ உக்ரைனில் பிறந்தவர். ஜெர்மனிக்காக ராபின் ஷோல்கோவியுடன் இரு ஒலிம்பிக் வெண்கலங்கள் வென்றார். ஷோல்கோவி ஓய்வு பெற்றதும் பிரான்ஸைச் சேர்ந்த மசோவுடன் இணைந்தார். மசோவை விடுவிக்கப் பிரான்ஸ் கூட்டமைப்பு காலம் தாழ்த்தியது. பின்னர் ஜெர்மன் குடியுரிமைக்காக அவர் மொழித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. ஒலிம்பிக் தொடங்கச் சில மாதங்களே இருந்தபோதுதான் குடியுரிமை கிடைத்தது. பியோங்சாங்கில் குறுநிகழ்ச்சிக்குப் பின் நான்காம் இடத்தில் இருந்த அவர்கள் நெடுநிகழ்ச்சியில் உலகச் சாதனைப் புள்ளி பெற்று முன்னேறினர். சாவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக்.

அமெரிக்காவின் டியானா ஸ்டெல்லாட்டோ-டுடெக் பதின்ம வயதில் தனிநபர் பிரிவில் இளையோர் உலக வெள்ளி வென்று, காயங்களால் விலகியவர். 16 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து இணையர் பிரிவைத் தேர்ந்தெடுத்தார். கனடாவின் மக்சிம் டெஷாமுடன் 2024-இல் மான்ட்ரியலில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 40. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற மிக மூத்த பெண் அவரே. ஜப்பானின் ரியுய்ச்சி கிஹாரா தனிநபர் பிரிவிலிருந்து இப்பிரிவுக்கு மாறியவர். தன்னைவிட ஒன்பது வயது இளையவரான ரிகு மியுராவுடன் 2019-இல் இணைந்து, கனடாவில் பயிற்சி பெற்றார். 2023-இல் ஜப்பானுக்கு இப்பிரிவின் முதல் உலகப் பட்டம் அவர்களால் கிடைத்தது.

சிறிய உடலும் குறைந்த எடையும் தூக்குவதற்கு எளிது என்பதால், மிக இளம் சிறுமியரை முழு வளர்ச்சியடைந்த ஆடவருடன் சேர்க்கும் போக்கு நெடுங்காலம் நிலவியது. மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-ஆக உயர்த்த சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-இல் முடிவு செய்தது. இணையர் பிரிவுக்கும் அது பொருந்தும்.

இந்தியாவில் இந்த விளையாட்டு இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. சிம்லாவில் 1920 முதல் இயங்கும் தளம், குளிர்காலத்தில் இயற்கையாக உறையும் பனியை நம்பியது. வெயில் ஏறினால் ஆட்டம் இல்லை. 2011-ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் உள்ளரங்கத் தளம் ஒன்று கட்டப்பட்டது. பின்னர் அது நீண்ட காலம் மூடிக் கிடந்தது. இணையர் பிரிவுக்கு மற்ற வீரர்கள் குறுக்கிடாத பரந்த தளமும், ஆண்டு முழுவதும் தடையற்ற பயிற்சி நேரமும் தேவை.

தொலைக்காட்சியில் முதன்முறை பார்ப்பவர் தூக்கலின் உயரத்தை மட்டும் கவனிக்காமல், அது இறங்கும் விதத்தையும் கவனிக்கலாம். பெண்ணின் கால் ஓசையின்றிப் பனியைத் தொட்டு, இருவரும் வேகம் குறையாமல் சறுக்கிச் சென்றால் அது உயர்ந்த தரம். எறிதாவலில் தரையிறங்கிய பின் அவர் எவ்வளவு தூரம் ஒற்றைக் காலில் வழுக்கிச் செல்கிறார் என்று பார்க்க வேண்டும். கை பனியைத் தொட்டால் புள்ளி போகும். அருகருகே சுழலும்போது இருவரின் நீட்டிய கால்களும் ஒரே கணத்தில் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று கவனித்தால் போதும். அவை அரைச் சுற்று விலகத் தொடங்கியதும், ஒருவர் மற்றவருக்குக் குரல் கொடுத்துச் சுற்றுகளை எண்ணுவது சில வேளைகளில் ஒலிவாங்கியிலும் கேட்கும்.